வக்கீல் வைக்கப் பணம் இல்லையா?

ஒரு தமிழ்ப் பெண் கொல்கத்தாவில் வீட்டு வேலை செய்கிறார். கணவர் கைவிட்டுவிட்டார். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?

கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் பார்ப்பதில்லை.

கிரண் சங்கர் ராய் சாலையில் மாநில ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அங்கே மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

வக்கீல் கட்டணத்தையும் கோர்ட்டுக் கட்டணத்தையும் ஆணைக்குழுவே ஏற்கும். அந்த வக்கீல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுவிடம் புகார் சொல்லுங்கள்.

தாளில் வங்காளமோ ஆங்கிலமோ இருக்கிறதா? பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இலவச வக்கீல் உதவி உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.