மண்ணில் எஞ்சும் போர்க்காலச் சுவடுகள்

1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குக் குறுகிய இரயில் பாதை ஒன்று திறக்கப்பட்டது. ஏலமலையின் விளைபொருள்கள் அதில் சமவெளிக்குப் போயின. இரண்டாம் உலகப் போரின்போது (1939-45) அதன் தண்டவாளங்களைப் போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்கலாம், மைல் கணக்கில் கொட்டி உயர்த்திய மண்கரையை யார் பெயர்ப்பது? 1950-களில் மீட்டர் பாதை வந்தது. பின்னர் அதுவும் அகலப் பாதையாகி, 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் இரயில் ஓடுகிறது.

போர்க்காலச் சுவடுகளில் மண்வேலைக்கு ஆயுள் அதிகம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், முதல் உலகப் போருக்குப் (1914-18) புறப்படுமுன் வீரர்கள் பயிற்சிக்காக வெட்டிய பதுங்குகுழிகளின் தடம் இன்றும் தெரிகிறது. அவை நேராகச் செல்வதில்லை. மடிந்து மடிந்து செல்கின்றன. குண்டு உள்ளே விழுந்து வெடித்தாலும் அதன் சிதறல்கள் ஒரு மடிப்போடு நின்றுவிட வேண்டும் அல்லவா?

தூர்ந்துபோன குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையிலோ மாலையிலோ பார்க்க வேண்டும். 20 செ.மீ. உயரமுள்ள மேட்டின் நிழல், சூரியன் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது சுமார் 12 செ.மீ. நீளமே இருக்கும். சூரியன் 10 பாகைக்கு இறங்கிவிட்டால் அதே நிழல் 113 செ.மீ. நீளும்! நண்பகலில் கண்ணுக்குப் படாத மேடு அப்போது பளிச்சென்று தெரியும்.

கோடைக்காலத்தில் புல்லும் காட்டிக்கொடுக்கும். குழியில் சேர்ந்த மண் பொலபொலவென்று இருப்பதால் ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும். அங்கே புல் நெடுநாள் பச்சையாக நிற்கும். கல் கலந்த மேட்டுப் பகுதியில் முதலில் கருகும்.

போடியிலிருந்து மலையேறினால் இந்த உபாயங்கள் தடுமாறும். ஏலத்தோட்டத்தின் மரநிழலில் சாய்வெயில் தரையைத் தொடாது. சரிவில் ஓடும் மழைநீர் மேட்டைக் கரைத்துக் குழியை நிரப்பிவிடும். கீழே, வறண்ட சரிவிலோ வேறொரு குழப்பம். மண் அரிப்பைத் தடுக்கப் போட்ட வரப்புகளைப் பார்த்து, 'பட்டாளத்துக் குழி' என்று சொல்லிவிடக் கூடாது. சம உயர வரப்பு, பெயருக்கேற்ப, சரிவில் ஒரே மட்டத்திலேயே வளைந்து போகும். பதுங்குகுழியோ சில மீட்டருக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒரே அளவாக மடியும். அடியெண்ணி நடந்து, தாளில் வரைந்து பார்த்தால் வேற்றுமை விளங்கும்.