ஆழம் தெரியாமல் காலை விடலாமா?
கைக்கடிகாரம் வாங்குவோருக்கு ஒரு பாடம்

பருப்பு, மிளகாய் பற்றி எழுத வேண்டிய இடத்தில் கடிகாரம் பற்றி எழுதுகிறேனே என்று எண்ண வேண்டாம். இதுவும் சரக்கைப் பார்த்து வாங்கும் பாடம்தான்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். டயலில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தது. அடுத்து வந்த மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலில் அதைக் கட்டியபடியே முழுக்குப் போட்டார். மாலையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. ஒரு வாரத்தில் முள் நின்றது. "அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் தாங்கும்" என்றார் கடைக்காரர். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கூச்சம். மூட்டையில் அச்சிட்ட எடையை நம்பாமல் தராசில் ஏற்றிப் பார்க்கும் நான், டயலில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிட்டேன். அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

எண்ணின் பொருள்

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டர் என்பது அந்த ஆழத்து அழுத்தத்தைப் புதுக் கடிகாரம் சோதனையில் தாங்கியது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் வெயிலிலும் சோப்பிலும் நாளாக ஆக இறுகிப்போகும். ஆகவே 30 மீட்டர் என்றால் மழைத்தூறலுக்கும் கை கழுவுவதற்கும். கடலில் குளிக்க 100 மீட்டராவது வேண்டும்.

முக்குளிப்போருக்கான கடிகாரத்திற்குத் தனித் தரம் உண்டு. அதன் பெயர் ஐ.எஸ்.ஓ. 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும்; குறித்த ஆழத்திற்கு மேல் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும்; உப்பு நீரையும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும்; இருட்டிலும் மணி தெரிய வேண்டும். சாதாரணக் கடிகாரங்களில் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தால் போதும். இதிலோ ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பதற்கும் எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. டயலில் வெறும் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றிருக்கிறதா, 'டைவர்ஸ்' என்று சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

அமைப்பு

இவ்வகைக் கடிகாரம் பிறந்த கதையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்குண்டு. 1953இல், நம் ஊரில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் பிளாங்பெய்ன் நிறுவனம் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்ற கடிகாரத்தை வெளியிட்டது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் அதைப் பயன்படுத்தினர். பெயரின் பொருள் ஐம்பது பாகம். நம் மீனவர்கள் ஆழம் சொல்லும் அதே பாகக் கணக்குத்தான். சுமார் 91 மீட்டர் வரும்.

இவ்வகைக் கடிகாரத்தின் டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையம் அழகுக்கு வைத்ததல்ல. இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால், நீருக்குள் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அதிலேயே படிக்கலாம். இன்றைய கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் வளையம் இடப்பக்கம் மட்டுமே சுழலும். தவறி இடிபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். தவறு நேர்ந்தாலும் உயிருக்குக் கேடில்லாத பக்கமாக நேரட்டும் என்பது எண்ணம். இன்று முக்குளிப்போர் கணினிக் கருவியைக் கட்டிக்கொள்கிறார்கள், கடிகாரம் துணைக்குத்தான். நமக்கு அந்த வளையம் லாரியில் சரக்கு இறக்கும் நேரம் பார்க்க உதவும்.

சாவித் திருகு மரையோடு இறுகுவதாக இருக்க வேண்டும். கண்ணாடி சஃபயர் வகையானால் நல்லது. கடல் மணல் சாதாரணக் கண்ணாடியைக் கீறும், சஃபயரைக் கீறாது. உப்பு நீருக்குத் தோல் பட்டை ஆகாது. ரப்பரோ எவர்சில்வரோ கொள்ளுங்கள்.

அளவு

நம் காலத்து எச்.எம்.டி. ஜனதா சுமார் 35 மில்லிமீட்டர் அகலம். இன்றைய முக்குளிப்புக் கடிகாரங்கள் பல 42க்கு மேல். பெரிதானால்தான் ஆழம் தாங்கும் என்பதில்லை. உற்பத்தி நின்றுபோன சீகோ எஸ்.கே.எக்ஸ். வரிசையில் 42 மில்லிமீட்டர் அளவில் ஒன்றும் 38 அளவில் ஒன்றும் வந்தன. இரண்டுக்கும் 200 மீட்டர்தான்.

அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். பட்டை மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை உள்ள நீளம் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கனத்தையும் பாருங்கள். தடித்த கடிகாரம் சட்டைக் கையிலும் சாக்கிலும் மாட்டும். கட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

மதிப்பு

கொள்முதல் விலையோடு கணக்கு முடிவதில்லை. பாட்டரி மாற்றும்போதெல்லாம் வாஷரைப் பார்த்து, தேவையானால் மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். அந்த வசதி நம் ஊரில் உண்டா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் உண்டா என்பதை அட்டையிலேயே படியுங்கள். பில் இல்லாமல் மலிவாக வரும் பெரிய பெயர்களை நம்ப வேண்டாம். கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். நீருக்குள் திருகைத் தொடாதீர்கள்.

கடலில் இறங்காதவருக்கு 200 மீட்டர் கடிகாரம் எதற்கு? கல்லாவில் உட்காருபவருக்கு 50 மீட்டரே போதும். இறங்குகிறவருக்குத் தரத்தில் குறை வைக்கக் கூடாது. வாங்குகிறவர் எங்கே பயன்படுத்துவார் என்று கேட்டுத்தானே நாமும் சரக்கைக் காட்டுகிறோம்? அதே கேள்வியை நாம் வாங்கப் போகும்போதும் கேட்டுக்கொள்வோம். அன்று நான் கேட்டிருந்தால், மாப்பிள்ளை கையில் அந்தக் கடிகாரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.