முதல்முறை சீனா போகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சீனாவுக்குக் கிளம்புகிறவர்கள் பயப்படுவது மொழிக்கும் சாப்பாட்டுக்கும். மாட்டிக்கொள்வதோ போனிலும் பாஸ்போர்ட்டிலும். காசு கொடுப்பது, டாக்ஸி பிடிப்பது, வழி பார்ப்பது, எதிரில் நிற்பவர் பேசுவதைப் புரிந்துகொள்வது என எல்லாம் அங்கே போன் வழியாகத்தான். ஆனால் நம் போனில் தினமும் தட்டும் ஆப்களில் பாதி அங்கே திறக்காது. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் முதல் இரண்டு நாள் அதிலேயே கரைந்துவிடும். கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இங்கேயே முடிக்க வேண்டியவை.

செய்ய வேண்டியவை

• நாட்டில் சில ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். சீனாவின் பரப்பு இந்தியாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜனவரியில் ஹார்பின் மைனஸ் இருபது டிகிரியில் உறைந்து கிடக்கும். அதே வாரம் ஹைனான் தீவில் ஜனங்கள் கடலில் குளிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெட்டியில் துணி அடங்காது. பத்து நாள் லீவென்றால் பெய்ஜிங், சியான், ஷாங்காய் போதும். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,300 கிலோமீட்டர். வேகமான ரயில் நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

• காசு கொடுக்க உதவும் அலிபே, வீசாட் ஆப்கள் இரண்டையும் ஊரிலேயே இறக்கி, கார்டை இணைத்துவிடுங்கள். நம் யுபிஐயை நம்பிப் போக முடியாது. ரோட்டோரம் ஆவியில் கொழுக்கட்டை விற்பவர்கூட அடுக்குப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டையைத்தான் ஒட்டி வைத்திருப்பார். கார்டை இணைக்கும்போது வங்கி ஓடிபி அனுப்பும். அது நம் இந்திய நம்பருக்கு வரும், அங்கே போய் அந்த சிம் சிக்னல் இல்லாமல் இருந்தால் கதை முடிந்தது. முதலில் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், பிறகு கார்டை இணையுங்கள், பாஸ்போர்ட் படத்தை ஏற்றிச் சரிபார்ப்பையும் முடியுங்கள். வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானுக்கு மேல் போகும் பில்லுக்கு அலிபே 3 சதவீதம் பிடிக்கும். சின்னச் செலவுக்குப் பிடிக்காது. இரண்டு வேறு வங்கிக் கார்டுகள் இருப்பது நல்லது. கொஞ்சம் யுவான் நோட்டும் பர்ஸில் இருக்கட்டும்.

• ரோமிங் பேக் அல்லது பயண இ-சிம் போட்டுக்கொண்டு போங்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சீனாவில் தடை. அங்கே வாங்கும் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் அவை திறக்காது. வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் பொதுவாகத் திறக்கும். எதற்கும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருநாள் மெசேஜ் வரவில்லை என்று அம்மா அழ ஆரம்பித்துவிடக் கூடாது.

• கூகுள் மேப்புக்குப் பதில் ஆமேப் என்ற சீன மேப் ஆப்பைப் போட்டுப் பழகுங்கள். கூகுள் காட்டும் இடம் அங்கே தள்ளித் தள்ளி விழும். ஹோட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டாக்ஸி டிரைவருக்கு ஆங்கில எழுத்து உதவாது.

• எல்லா டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயர் கொடுங்கள். நம் ஆட்களுக்கு இது தனித் தலைவலி: பலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். விமானத்துக்கு ஒரு மாதிரி, ரயிலுக்கு இன்னொரு மாதிரி, ஹோட்டலுக்கு இனிஷியலோடு என்று கொடுத்தால் ஏதாவது ஒரு வாசலில் நிறுத்துவார்கள். சர்நேம் இல்லாதவர்கள் என்ன எழுதுவது என்பதை டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

• ஹாங்காங்கும் போவதாக இருந்தால் விசா விண்ணப்பத்திலேயே இரண்டு நுழைவு கேளுங்கள். ஹாங்காங் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒரு நுழைவு விசா அத்தோடு தீர்ந்தது, திரும்ப உள்ளே வர முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் தனியாக ஆன்லைன் முன்பதிவும் கேட்கும். அது இலவசம்.

• தடைசெய்யப்பட்ட நகரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். பெய்ஜிங்கில் உள்ள இந்த அரண்மனைக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. 7 நாள் முன்னால் பாஸ்போர்ட் எண்ணோடு போட வேண்டும். திங்கள் விடுமுறை. பக்கத்தில் இருக்கும் தியானன்மென் சதுக்கத்துக்கும் தனிப் பதிவு உண்டு. பெருஞ்சுவருக்கு பாதாலிங்கைவிட முத்தியான்யூ பக்கம் போங்கள், கூட்டம் குறைவு.

• ரயில் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை படியுங்கள். பெய்ஜிங்கில் தெற்கு, மேற்கு எனப் பல பெரிய நிலையங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஊர்ப் பெயர்களும் ஏமாற்றும்: குவாங்சோ, சுவான்சோ, ஹாங்சோ, செங்சோ நாலும் நாலு திசை. டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், பாஸ்போர்ட்தான் டிக்கெட். பை சோதனை இருப்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். ரயில் கிளம்பும் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

• சைவம் என்றால் சீன எழுத்தில் ஒரு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “சைவம்” என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த தண்ணீர், பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேருங்கள். பெரிய புத்தக் கோவில்களை ஒட்டிய சைவ உணவகங்களைத் தேடுங்கள், அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம். ஹலால் வேண்டுவோருக்கு ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகள் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. சியானில் ஒரு பேட்டையே இருக்கிறது.

• டிஷ்யூவும் ஃபிளாஸ்க்கும் கையில் வையுங்கள். பொதுக் கழிப்பறையில் பெரும்பாலும் காகிதமும் இருக்காது, கழுவக் குழாயும் இருக்காது. குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. ஆனால் ரயிலிலும் நிலையத்திலும் கொதிநீர் சும்மா கிடைக்கும்.

• ஒரு நாள் மிச்சமிருந்தால் சுவான்சோ போய்ப் பாருங்கள். சியாமென்னிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக ஊர் இது. நம் வணிகர்கள் கட்டிய சிவன் கோவில் இன்று இல்லை, ஆனால் கையுவான் புத்தக் கோவிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்புறம் கண்ணன் சிற்பங்களோடு கல்தூண்கள் நிற்கின்றன. பேக்கேஜ் டூரில் இந்த ஊர் அநேகமாக இருக்காது. நீங்களாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடாதவை

• அக்டோபர் முதல் வாரத்தில் போகாதீர்கள். தேசிய நாள் விடுமுறை. நாடே ஊர் சுற்றக் கிளம்பும். பெருஞ்சுவரில் சென்னை ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டம். சீனப் புத்தாண்டும் மே முதல் வாரமும் அப்படித்தான். ஏப்ரல், அக்டோபர் பிற்பகுதி நல்ல காலம். ஆனால் குவாங்சோவில் அந்த இரண்டு மாதத்திலும் கேன்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சி நடக்கும், ஹோட்டல் வாடகை எகிறும். திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

• “240 மணி நேரம் விசா வேண்டாம்” என்ற வீடியோவை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. சிங்கப்பூர், மலேசிய உறவினர் விசா இல்லாமல் போய் வந்த கதையும் உங்கள் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது.

• இங்கே வாங்கிய பவர் பேங்கை உள்நாட்டு விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். 2025 ஜூன் 28 முதல் சீனாவின் 3சி பாதுகாப்பு முத்திரை இல்லாததைப் பறிமுதல் செய்கிறார்கள். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

• பழக் கத்தி, டியோடரன்ட் ஸ்பிரேயோடு ரயில் ஏறாதீர்கள். சோதனையில் பிடுங்கிக்கொள்ளக்கூடும், பிறகு கெஞ்சியும் பயனில்லை.

• “ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், வாங்க டீ குடிக்கலாம்” என்று தியானன்மென் பக்கம் சிரித்துக்கொண்டு வரும் இளைஞர்களோடு போகாதீர்கள். கண்ணியமாகத்தான் பேசுவார்கள், ஊர் விசாரிப்பார்கள், நம் சினிமா பற்றிக்கூடக் கேட்பார்கள். மாடி அறையில் சின்னக் குவளைகளில் நாலைந்து வகை டீ வரும். கடைசியில் ஆயிரக்கணக்கான யுவானுக்கு பில் வரும், கதவருகே ஆள் நிற்பான். ஷாங்காயிலும் இதே நாடகம் உண்டு. ஓவியக் கண்காட்சிக்குக் கூப்பிடும் “மாணவர்”களும் இந்த வகைதான்.

• டோஃபு என்றாலே சைவம் என்று எண்ணாதீர்கள். மாப்போ டோஃபுவில் பெரும்பாலும் கொத்திய இறைச்சி இருக்கும்.

• திபெத்துக்குத் தனியாகக் கிளம்பாதீர்கள். சீன விசா மட்டும் போதாது. தனி அனுமதிச் சீட்டு வேண்டும், அதை அங்கீகாரம் பெற்ற டூர் நிறுவனம் மூலம்தான் வாங்க முடியும்.

• நண்பர் வீட்டில் தங்கினால் போலீஸ் பதிவை விடாதீர்கள். ஹோட்டலில் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடென்றால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பதிய வேண்டும்.

• தேச வரைபடம் அச்சிட்ட புத்தகம், டைரி எடுத்துப் போகாதீர்கள். எல்லைக்கோடு அவர்கள் வரைவதுபோல் இல்லாத வரைபடங்களைச் சுங்கத்தில் பறிமுதல் செய்வதுண்டு. எல்லை, தைவான், திபெத் பேச்சும் அங்கே வேண்டாம்.

• சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. டிப்ஸும் வேண்டாம், வழக்கமில்லை.

• டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இப்போதே பீரோவைத் திறந்து எடுத்துப் பாருங்கள்: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியும் இரண்டு காலிப் பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை, புதுப்பிக்க இன்றைக்கே விண்ணப்பிப்பது.