நின்ற எஞ்சின் மீண்டும் ஓடுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

1887ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரில் மக்கள் திரண்டு நின்றனர். நாட்டின் கிழக்கிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஒன்று முதன்முதலாக அந்நகரை வந்தடைந்தது. தோரணங்களும் கொடிகளும் கட்டப்பட்டிருந்த அதன் எஞ்சினின் எண் 374. இத்தனை சிறப்புப் பெற்ற எஞ்சின் பிற்காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1945இல் ஓய்வு பெற்றதும் அதை நகருக்குக் கொடுத்தார்கள். நகரத்தார் அதைக் கிட்சிலானோ கடற்கரைப் பூங்காவில் நிறுத்தினார்கள். மேலே கூரை இல்லை. மழையும் உப்புக் காற்றும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை அரித்தன.

காப்பாற்றப்பட்டது என்று நாம் நினைக்கும் எஞ்சினும் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கனடாவின் இரு பெரும் ரயில்வே நிறுவனங்களான கனடியன் நேஷனலும் கனடியன் பசிபிக்கும் 1960ஆம் ஆண்டில் நீராவியைக் கைவிட்டு டீசலுக்கு மாறின. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. தப்பியவை பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் எவை மீண்டும் ஓடக்கூடும், எவை ஓடா, ஏன் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

கனடா எஞ்சினுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். நம் நாட்டில் விரைவு ரயில்களை இழுத்த, கூம்பு மூக்குடைய டபிள்யூ.பி. வகை எஞ்சின்களில் ஒரு பகுதி கனடாவில் கட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவையே. ஆகையால் அவை முற்றிலும் அந்நியமானவை அல்ல.

எஞ்சினின் உயிர் அதன் கொதிகலனில் இருக்கிறது. அது ஒரு நீண்ட இரும்பு உருளை. அதன் பின்முனையில் நெருப்பறை. அங்கு எழும் சூடான புகை, உருளைக்குள் கிடக்கும் ஏராளமான குழாய்களின் வழியாக முன்புறம் சென்று புகைபோக்கியில் வெளியேறும். குழாய்களைச் சுற்றிலும் தண்ணீர். நெருப்பறையின் பக்கங்களிலும் அதன் கூரைத் தகட்டின் மேலும் கூடத் தண்ணீர்தான். உள் தகட்டையும் வெளித் தகட்டையும் இணைத்துப் பிடித்திருப்பவை 'ஸ்டே' எனப்படும் இரும்பு ஆணிகள்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கர் சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்கிறது. கனடியன் பசிபிக்கின் 'ஹட்சன்' வகை எஞ்சின்களில் அழுத்தம் 275 பவுண்டு! அதாவது பதினெட்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 210 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். எங்கேனும் தகடு பிளந்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிப் பன்மடங்கு பெருகும். குக்கரின் வெயிட்டைத் தொடவே எனக்குப் பயம். இதை நினைத்தால் எஞ்சின் ஓட்டியவர்களின் துணிவு வியப்பூட்டுகிறது.

வெந்நீர்ப் பானையின் அடியில் உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிகலனிலும் அவ்வாறே படிகிறது. சூடேறும்போது இரும்பு விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. இதனால் ஆணிகள் ஒவ்வொன்றாய் முறியும். ஓடாமல் நின்றாலோ வேறு கேடு. ஓய்வு கொடுத்த அன்று உள்ளேயிருந்த நீரை முழுவதும் வடித்து உலர்த்தாவிட்டால் தகடு அடியிலிருந்து அரிக்கும். கொதிகலனைப் போர்த்தியிருக்கும் உறைக்குள் ஈரம் தங்கி வெளிப்புறமும் துருப்பிடிக்கும். அந்த உறையில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால், பழுது பார்ப்பதற்கு முன் அதைத் தகுந்த பாதுகாப்போடு அகற்றுவதே ஒரு பெரிய வேலை. மேலே பளபளவென்று கறுப்புச் சாயம் பூசியிருந்தால் இவற்றில் ஒன்றும் வெளியே தெரியாது.

உள்ளே இருப்பதைக் கவனியாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை 1995ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் உலகம் கண்டது. 1948இல் கட்டப்பட்ட 1278 என்னும் கனடியன் பசிபிக் எஞ்சின், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் பகுதியில் சுற்றுலா ரயில் இழுத்துக்கொண்டிருந்தது. கொதிகலனில் தண்ணீர் குறைந்து, நெருப்பறையின் கூரைத் தகடு நீருக்கு மேலே தெரியத் தொடங்கியது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் காய்ந்து சிவப்பதைப் போல அத்தகடும் காய்ந்து, இளகி, கிழிந்துவிட்டது. பீறிட்ட ஆவியால் எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயமுற்றனர். நீர்மட்டம் காட்டும் கண்ணாடியும் நீர் ஊட்டும் பம்பும் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆயினும் கொதிகலன் முழுவதும் வெடித்துச் சிதறவில்லை. தகடு ஒரேயடியாகப் பிய்ந்துவிடாமல் படிப்படியாகக் கிழியும்படி அதன் ஆணிகள் அமைந்திருந்ததே காரணம். அரை நூற்றாண்டுக்கு முன் கனடாவில் அதை வரைந்த பொறியாளர்களின் முன்யோசனைதான் அன்று அம்மூவரின் உயிரைக் காத்தது எனலாம்.

இதன் பின் அமெரிக்காவில் விதிகள் திருத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தன. ஓர் எஞ்சின் 1,472 நாட்கள் வேலை செய்ததும், அல்லது பதினைந்து ஆண்டுகள் கழிந்ததும், எது முந்துகிறதோ அப்போது அதைப் பிரித்து, குழாய்களைக் கழற்றி, உள்ளும் புறமும் சோதிக்க வேண்டும். தகட்டின் மேல் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கேளா ஒலிக் கருவியால் ஒவ்வொரு இடத்திலும் அதன் கனத்தை அளக்கிறார்கள். மெலிந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பொருத்த வேண்டும். மருத்துவர் வயிற்றுக்கு 'ஸ்கேன்' எடுப்பதும் இதே ஒலியால்தான்!

கொதிகலனின் காலம் முடிந்தால் எஞ்சினின் ஓட்டமும் முடிகிறது என்பதைக் கனடியன் நேஷனலின் கதை காட்டுகிறது. அந்நிறுவனம் 1960க்குப் பிறகும் உல்லாசப் பயணங்களுக்காக ஓர் எஞ்சினை வைத்திருந்தது. முதலில் 6167 ஓடியது. 1964இல் அது நின்றதும் 6218 வந்தது. 1971இல் அதுவும் ஓய்ந்தது. இரண்டும் இன்று ஒன்டாரியோ மாகாணத்தில், ஒன்று குவெல்ஃப் நகரிலும் மற்றொன்று ஃபோர்ட் ஈரியிலும் காட்சிப் பொருள்களாக நிற்கின்றன. மூன்றாவதாக, ஜாஸ்பர் என்னும் மலை ஊரில் 1962 முதல் காட்சிக்கு நின்ற 6060ஐ எடுத்துச் செப்பனிட்டு 1973இல் ஓட்டினார்கள். இதற்கும் நம் டபிள்யூ.பி.யைப் போலவே கூம்பு மூக்கு. பல ஆண்டுகள் வெளியில் நின்றும் உயிர் பெற்றது என்றால், உள்ளே அது நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும் அன்றோ?

கனடியன் பசிபிக்கின் ஹட்சன் எஞ்சின்கள் மொத்தம் 65. இன்று எஞ்சியவை ஐந்து. 1939இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியாரும் கனடாவுக்கு வந்தபோது, 2850 என்னும் எஞ்சின் அரச ரயிலைக் கியூபெக்கிலிருந்து வான்கூவர் வரை, வழியில் வேறு எஞ்சின் மாற்றாமலே இழுத்துச் சென்றது. அதற்குப் பரிசாக அவ்வகை எஞ்சின்கள் 'ராயல் ஹட்சன்' என்ற பெயரையும் கிரீடச் சின்னத்தையும் பெற்றன. இப்போது 2850 மாண்ட்ரியல் அருகே செயின்ட் கான்ஸ்டன்ட் என்னும் ஊரில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்கு மீண்டும் தீ மூட்டக்கூடாது என்பது என் எண்ணம். ஓட்ட வேண்டுமானால் குழாய்களையும் ஆணிகளையும் தகடுகளையும் புதிதாக மாற்ற வேண்டும். மாற்ற மாற்ற, மன்னரை அழைத்துச் சென்ற அந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாய்க் காணாமற்போகும்.

ஓட்டிப் பார்க்க அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. 2860 எண்ணுள்ள ராயல் ஹட்சன் 1974 முதல் 1999 வரை வடக்கு வான்கூவருக்கும் ஸ்குவாமிஷுக்கும் இடையே கடலோரமாகப் பயணிகளை இழுத்தது. கொதிகலன் பழுதால் நின்று, 2006இல் மீண்டும் எழுந்தது. 2010ஆம் ஆண்டையொட்டி மறுபடியும் நின்றது. அது ஸ்குவாமிஷ் அருங்காட்சியகத்தில் அடுத்த பெரும் பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கிறது. ஆளும் பணமும் கிடைத்தால் மீண்டும் ஓடக்கூடியது இது.

1930இல் கட்டப்பட்ட 2816இன் கதை மகிழ்ச்சியானது. 1960இல் ஓய்வு பெற்று, அமெரிக்கர் ஒருவரின் சேகரிப்பில் சேர்ந்து, பல ஆண்டுகள் அங்கே வெயிலிலும் பனியிலும் நின்றது. 1998இல் கனடியன் பசிபிக் அதை மீண்டும் வாங்கி, மூன்றாண்டுகள் செப்பனிட்டு, நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிக்கும்படி மாற்றி, 2001இல் ஓட்டியது. 2012இல் நிறுத்தியது. பின்னர் அந்நிறுவனம் கான்சாஸ் சிட்டி சதர்ன் என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்ததைக் கொண்டாட, 2024இல் இந்த எஞ்சின் கால்கரியிலிருந்து மெக்சிகோ நகரம் வரை சென்று திரும்பியது. மூன்று நாடுகளைக் கடந்த பயணம்! ஆனால் தண்டவாளமும் பணிமனையும் பணமும் சொந்தமாக உள்ள பெரிய நிறுவனத்தால்தான் இது முடிந்தது. ஓய்வு நேரத்தில் வந்து உழைக்கும் தொண்டர் சங்கத்திடம் இத்தனை பெரிய எஞ்சினைக் கொடுத்தால் திணறிப் போவார்கள்.

அவர்களுக்கு ஏற்றது சிறிய எஞ்சின். வின்னிபெக் நகரின் தொண்டர்கள் ஓட்டும் 3ஆம் எண் எஞ்சின் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1882இல் கட்டப்பட்டது. அதாவது வான்கூவரின் 374ஐவிட மூத்தது. குழாய் குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு. ஆகவே கிழவியானாலும் அது ஓடியிருக்கிறது.

374 என்ன ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். 1983இல் அதைக் கடற்கரையிலிருந்து அகற்றினார்கள். தொண்டர்கள் துருவைச் சுரண்டி, புதுப் பாகங்கள் செய்து, 1986 உலகக் கண்காட்சிக்கு அழகுறச் சீராக்கினார்கள். இப்போது அது பழைய எஞ்சின் கொட்டகையின் பக்கத்தில் ஒரு கண்ணாடி மண்டபத்தில் இருக்கிறது. அதன் கொதிகலனில் இனி நெருப்பு இல்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் அதை வெளியே இழுத்துச் சுழல்மேடையில் நிறுத்துகிறார்கள். அன்று குழந்தைகள் வரிசையில் நின்று அதன் மணியை அடிப்பார்கள்.