விளையாட்டுக்கு ஞாபகம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியில் ஒரு விளையாட்டைத் திறக்கிறீர்கள். ஒலியைக் குறைக்கிறீர்கள், உங்கள் கைக்கு ஏற்றபடி விசைகளை மாற்றுகிறீர்கள். கணிப்பொறியை அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால், எல்லாம் நீங்கள் வைத்தபடியே இருக்கின்றன. இது எப்படி?

கணிப்பொறியில் இருவகை நினைவகங்கள் உண்டு. ‘ரேம்’ என்பது கரும்பலகை போன்றது. வேகமாக எழுதலாம், அழிக்கலாம்; ஆனால் மின்சாரம் நின்றதும் அதில் உள்ளவை மறைந்துவிடும். காந்தத் தட்டும் ஃப்ளாஷ் நினைவகமும் நோட்டுப் புத்தகம் போன்றவை. மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது நிற்கும்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இயந்திரத்தில் கரும்பலகை மட்டுமே இருந்தது. இயந்திரத்தை அணைத்தால் அதுவரை எடுத்த மிக உயர்ந்த புள்ளியும் போய்விடும். 1986-இல் ஜப்பானில் வெளியான டிராகன் குவெஸ்ட் வேறு வழி கண்டது. ஆட்டத்தின் நிலையை 20 எழுத்துகளாக்கித் திரையில் காட்டியது. அதைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை தட்டச்சு செய்ய வேண்டும்!

1987-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸெல்டா விளையாட்டுப் பெட்டிக்குள் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் ஒன்று இருந்தது. கருவியை அணைத்த பிறகும் அது 8 கிலோபைட் ரேமுக்கு மின்சாரம் தந்தது. மின்கலம் தீர்ந்தாலோ, சேமித்த அனைத்தும் அழியும்.

இன்றைய விளையாட்டுகள் உங்கள் விருப்பங்களை ஒரு சிறு கோப்பில் எழுதுகின்றன. தொடங்கும்போது அந்தக் கோப்பைத் தேடுகின்றன. கோப்பு இல்லையென்றால், நிரலில் முன்பே குறித்துவைத்த அளவுகளை எடுத்துக்கொள்கின்றன. இருந்தால், படித்துச் சரிபார்க்கின்றன. 0 முதல் 100 வரை இருக்கவேண்டிய ஒலி அளவு 900 என்றிருந்தால், அதை ஏற்பதில்லை.

எழுதும்போதே மின்சாரம் போய்விட்டால்? பழைய கோப்பின் மேலேயே எழுதியிருந்தால், பழையதும் போகும், புதியதும் அரைகுறையாகும். ஆகவே நல்ல நிரல் முதலில் தனிக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகே அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுகிறது. நடுவில் தடை நேர்ந்தாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒலி அளவு 0 முதல் 100 வரை. இசை ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’. இவ்விரண்டையும் சேமிக்க எத்தனை பிட்டுகள் தேவை?

விடை: ஒலிக்கு 101 நிலைகள். 6 பிட்டுகளில் 64 நிலைகளே அடங்கும். 7 பிட்டுகளில் 128 அடங்கும். இசைக்கு 1 பிட் போதும். ஆக மொத்தம் 8 பிட்டுகள், அதாவது ஒரே ஒரு பைட்!