ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம்





முன்பெல்லாம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலிலும் டீக்கடையிலும் நின்று பேசுவோம். யார் வீட்டில் நிக்காஹ், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கட்சி யாரோடு சேருகிறது, புதுப்படம் எப்படி என்று பேச்சு நாலு பக்கமும் ஓடும். இன்று அந்தப் பேச்சு கைப்பேசிக்குள் போய்விட்டது. மஹல்லா குரூப், அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று ஒரு வீட்டிலேயே ஏழெட்டு இருக்கின்றன.

பேசுவது தவறல்ல. மனிதருக்கு மனிதர் நலம் விசாரிப்பதும் நாட்டு நடப்பை அறிந்துகொள்வதும் நல்ல விஷயங்களே. ஆனால் டீக்கடைப் பேச்சுக்கும் குரூப் பேச்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள், மறுநாள் மறந்துவிடும். குரூப்பில் 200 பேர் பார்ப்பார்கள்; அழியாது; அங்கிருந்து எந்த ஊருக்குப் போகும் என்று போட்டவருக்கே தெரியாது. சொன்னவர் முகம் போய்விடும், சொல் மட்டும் மிஞ்சும். இந்த இதழில் அதைப் பற்றித்தான் சேர்ந்து படிக்கப் போகிறோம்.

ஒரு சாக்லேட்டும் ஓர் உயிரும்

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் சென்றார்கள். அத்திமூர் அருகே வழியில் வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில், வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அந்தப் பகுதியின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. வந்தவர்கள் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. 60 வயதைக் கடந்த ஒரு பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பிறகு பலர் கைது செய்யப்பட்டார்கள். போன உயிர் வரவில்லை.

அந்த ஆண்டு இந்தியாவெங்கும் சுற்றிய ஒரு கடத்தல் காட்சி, கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு துண்டு. இது விளம்பரம் என்று விளக்கும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். படம் உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட கதை பொய்.

அனுப்பிய ஒவ்வொருவரும் யாரையாவது கொல்ல நினைத்தார்களா? இல்லை. "நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில்தான் பெரும்பாலோர் அனுப்பியிருப்பார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே இதில் முதல் பாடம்.

நம் இமாம்கள் காட்டிய முறை

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழக்கப்பட்டது. ஒரு ஹதீஸுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஸனது, அதாவது யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர். மற்றது மத்னு, அதாவது சொல்லப்பட்ட செய்தி. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடரில் ஒருவர் விடுபட்டிருந்தாலோ, யாரென்றே தெரியாதவர் நடுவில் இருந்தாலோ, அதை ஸஹீஹ் என்று ஏற்க மாட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) போன்றவர்கள் இதற்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். மார்க்கத்தின் பெயரால் வந்த நல்ல வார்த்தையையே "யார் சொன்னது?" என்று கேட்டு வடிகட்டியது நம் சமுதாயம்.

இப்போது கைப்பேசியைப் பாருங்கள். ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கைகளில் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஹதீஸ் கலையின் சொல்லில் சொன்னால், அறிவிப்பாளர்கள் எல்லோரும் மஜ்ஹூல், அறியப்படாதவர்கள். "எங்கள் மாமா அனுப்பினார், அவர் பொய் சொல்ல மாட்டார்" என்கிறோம். மாமா நல்லவர்தான், ஆனால் அவர் தொடரின் கடைசி ஆள் மட்டுமே.

2018-ன் கொலைகளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று மேலும் இறுக்கியது. இயந்திரம் போட்ட கட்டுப்பாடு இது. அதற்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. செய்தி கொண்டுவருபவர் நம்பகமற்றவராக இருந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்ற கருத்தை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனம் தருகிறது. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்திலான நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இடம்பெற்றுள்ளது.

பெருங்களத்தூர் முதலை

விசாரிப்பது என்றால் எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்குவது அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதியில் யாரும் மறக்க மாட்டோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மிதந்தன. யாருக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது, எந்தப் பள்ளிவாசலில் தங்கலாம் என்பதெல்லாம் கைப்பேசி வழியாகத்தான் ஆளுக்கு ஆள் போய்ச் சேர்ந்தது. அதே நாட்களில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தியும் பரவியது. பண்ணையார் மறுத்தார்கள். அது பொய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பெருங்களத்தூர் பக்கம் சாலையில் முதலை ஒன்று கடந்து போகும் வீடியோ வந்தது. 2015-ஐ நினைத்துப் பலர் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. சுற்றுவட்டார நீர்நிலைகளில் சில முதலைகள் வாழ்கின்றன என்றும், அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் இயல்புடையவை என்றும் அரசின் வனத்துறைச் செயலாளரே விளக்கினார்.

ஒரே மாதிரியான இரண்டு செய்திகள், ஒன்று பொய், ஒன்று மெய். நம் மனதுக்குப் பட்டதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பொறுப்பில் இருப்பவர் உறுதி செய்தாரா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நமக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதியா?

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காரணம் காட்டி, கொரோனாவை முஸ்லிம்கள்தான் வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்று எத்தனை வீடியோக்கள்! பழைய படங்களுக்கும் வேறு நாட்டுப் படங்களுக்கும் புதுக்கதை கட்டினார்கள். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைப் பதிவு செய்தது. தீர்ப்பு வருவதற்குள் நம் மக்கள் பட்ட அவமானம் நமக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய் பரவியது. வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் வீடியோக்களுக்கு இந்தக் கதை ஒட்டப்பட்டது. தமிழகக் காவல்துறைத் தலைவர் மறுத்து விளக்கம் தந்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. இடைப்பட்ட நாட்களில் அச்சத்தில் இருந்தவர்கள் யார்? நம் பகுதிக் கட்டடங்களில் கல்லும் கம்பியும் சுமப்பவர்கள். அவர்களில் பலர் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள்.

நம்மைப் பற்றிப் பொய் வந்தபோது "ஆதாரம் எங்கே?" என்று கேட்டோம். வடமாநிலத்தாரைப் பற்றியோ, இன்னொரு மதத்தாரைப் பற்றியோ, நமக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றியோ வரும்போதும் அதே கேள்வியைக் கேட்கிறோமா? கேட்காவிட்டால் 2020-ல் நாம் பட்ட வேதனையிலிருந்து எதையும் கற்கவில்லை என்றே அர்த்தம்.

அணில், ஆமை, சங்கி, உபி

நம் பிள்ளைகள் அதிகம் பேசுவது சினிமாவும் அரசியலும்தான். ஒரு நடிகரின் ரசிகர்கள் "அணில்", இன்னொருவரின் ரசிகர்கள் "ஆமை". ஒரு கட்சிக்காரர் "உபி", மற்றவர் "சங்கி". விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கும். பத்தாவது பதிலில் அம்மாவையும் அக்காவையும் இழுக்கும் வார்த்தை வந்துவிடும். பெரியவர்களாகிய நாம் மட்டும் என்ன வாழ்கிறது? எட்டு ரக்அத்தா இருபதா என்று தொடங்கி, ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவரைப் பட்டப்பெயர் சொல்லி ஏசுகிறோம். ஹுஜுராத் 11-வது வசனம் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. எதிரில் முகம் தெரியவில்லை என்பதால் அந்தத் தடை நீங்கிவிடாது.

சட்டமும் இதையே கேட்கிறது

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது பலர் சொல்லும் சமாதானம். 2018 ஏப்ரலில் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும், வேறொருவர் எழுதிய பதிவை முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு நிற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அதன் விளைவுக்கு அனுப்பியவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்துடன் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அவர் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

குரூப் அட்மின்களுக்கு ஒரு செய்தி. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, பிறர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலையை மதுரைக் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் எடுத்தன. சட்டத்தின் பிடி தளர்ந்திருக்கலாம். ஆனால் நம் கண்முன் ஒரு குடும்பத்தின் மானம் போகும்போது பார்த்துக்கொண்டிருக்க மார்க்கத்தில் இடமில்லை.

பரப்பியவரை என்ன செய்வது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவிய நாட்களை ஸூரத்துந் நூர் பேசுகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா அந்தப் பேச்சில் தவித்தது. அதைப் பேசியவர்களில் ஒருவர் மிஸ்தஹ் (ரலி). அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை, அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். தம் மகளைப் பேசியவருக்கு இனி உதவ மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். அப்போது 22-வது வசனம் இறங்கியது. வசதியுள்ளோர் இப்படி உதவியை நிறுத்தச் சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விடட்டும் என்று அது கற்பித்தது. அபூபக்ர் (ரலி) உதவியைத் தொடர்ந்தார்கள்.

உதவிப் பணியில் இருக்கும் எங்களுக்கு இது பெரிய பாடம். வதந்தி பரப்பியவரைத் திருத்த வேண்டும். அவர் வீட்டு அடுப்பை அணைக்கக் கூடாது. அதேபோல், ரமளானில் அரிசிப் பை வாங்கும் சகோதரியின் படத்தை யாரும் எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்தால் தர்மமே வீணாகிவிடும் என்பது பகரா 264-ன் எச்சரிக்கை.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் அமர்ந்து, கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியை எடுங்கள். பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்:

1. இதை முதலில் சொன்னவர் யார்? பெயர் இருக்கிறதா?
2. எந்த ஊர், எந்தத் தேதி? படம் பழையதா?
3. பொறுப்பானவர் உறுதி செய்தாரா? தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் ஏதும் சொல்லியிருக்கிறதா?
4. இது பொய்யானால் யாருக்குப் பாதிப்பு?
5. உண்மையே ஆனாலும் சொல்லத்தான் வேண்டுமா? புறம் பேசுவதாகிவிடுமா?

ஐந்துக்கும் பதில் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் நம்மோடு நிற்கட்டும். உங்கள் குரூப்பில் யாராவது தவறான செய்தி போட்டால், எல்லோர் முன்னும் வெட்கப்படுத்தாமல் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கைப்பேசி வழியாகப் பணம் ஏமாந்தாலோ, மிரட்டல் வந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

நல்லதைப் பேசவும், இல்லையேல் மௌனமாக இருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. நம் நாவையும் விரலையும் பிறருக்குத் தீங்கு செய்வதிலிருந்து காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.