மூணு மணிக்கு மேல ஏற விடமாட்டோம்மா

அன்று காலை எட்டு மணிக்கு, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "முதலில் செஞ்சி, பிறகுதான் பாண்டி." வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். வெளியூர், வெளிநாட்டு உறவுகளை ஒருநாள் சுற்றிக்காட்ட கார், கைடு என்று ஏற்பாடு செய்யப்போகிற எல்லோரும் என் அனுபவத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எங்கள் அண்ணனுக்கு 75 வயது. அண்ணி பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். 1978இல் கல்யாணமானதும் அண்ணன் பாரிஸ் பக்கம் போனவர்தான். வந்து போகும்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, சாவு என்றே நாள் ஓடிவிடும். 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்று நம் செஞ்சி. அன்று ராத்திரியே போன் வந்தது. "செஞ்சியில ராஜகிரி மலை மேல ஒருதரம் ஏறணும்மா. 64ல பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? மேல அந்தப் பாலத்துக்கிட்ட என் தூக்கு கைநழுவிப் பள்ளத்துல விழுந்துடுச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அடி வாங்கினேன்." அதற்கப்புறம் ஐந்து மாதம், தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்டைத் தொடாமல் தினமும் படியேறிப் பழகியிருக்கிறார். டிசம்பரில் வந்தார்.

கூடவே அண்ணன் மகளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை படித்தவர், நல்ல வேலை, மரியாதை தெரிந்தவர். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் போன வருஷம் வியன்னாவிலிருந்து ப்ராக் நகரத்துக்குத் தனிக் கார், தனி கைடு வைத்து ஒரே நாளில் போய்வந்திருக்கிறார். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், குன்றின் மேலிருக்கும் அரண்மனை எல்லாவற்றையும் கைடே முன்னால் நின்று நிமிஷக் கணக்கில் காட்டி முடித்தாராம். இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பாரிஸிலிருந்தே ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரைப் பிடித்து 18,000 ரூபாய் கட்டிவிட்டார். "ஒரே நாளில் இரண்டு வரலாற்று நகரங்கள்" என்பது அவர்கள் கொடுத்த திட்டம். பாண்டிச்சேரி காலையில், செஞ்சி மதியத்துக்கு மேல்.

நான் 19 வருஷம் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்தவள். வருஷம் தவறாமல் பிள்ளைகளைச் செஞ்சிக்குக் கூட்டிப்போனவள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னப்பின்ன மாத்திக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். "எல்லாம் பேசி வெச்சிருக்கேன் அத்தை, நீங்க கவலைப்படாம வாங்க" என்றார் மாப்பிள்ளை. பணம் கட்டியவர் அவர். வீட்டு மாப்பிள்ளை வேறு. நாலு பேர் முன்னால் அவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று அண்ணி கண்ணால் ஜாடை காட்டினார். நானும் பேசாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிஷ மரியாதைக்கு நாங்கள் கொடுத்த விலை அண்ணனுடைய ராஜகிரி.

பாண்டிச்சேரியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பிரான்சில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்கிற மனிதருக்கு மஞ்சள் சுவர் வீடுகளையும் பிரெஞ்சுத் தெருப் பெயர்ப் பலகைகளையும் இரண்டரை மணி நேரம் காட்டினார்கள். காபி குடிக்க ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களுக்கு முன்னால்தான் அண்ணன் நின்றார். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்று வழிவழியாகச் சொல்லப்படும் தூண்கள் அவை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ராத்திரியோடு ராத்திரியாகச் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் போகும் வரை அது அவர்கள் கையில் இருந்தது. எங்களோடு வந்த கைடு, காந்தி சிலைக்காகவே அந்தத் தூண்களைச் செதுக்கினார்கள் என்றார். அண்ணன் தூணைத் தடவிப் பார்த்து, "இது எங்க ஊருக் கல்லு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பும்போது கார் திண்டிவனம் வழியாகத்தான் வந்தது. எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் செஞ்சி ரோட்டில் திரும்பியது. காலை எட்டு மணிக்கு அங்கிருந்து 28 கிலோமீட்டரில் இருந்த கோட்டைக்கு, நாற்பது கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய்விட்டு, அதே தெருமுனைக்கு மறுபடி வந்து, பிறகு போகிறோம். கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு இருபது. வழியில் டீசல் போட நிறுத்தினார்கள். கோட்டை வாசலில் இறங்கும்போது மூன்று பத்து.

காவலாளி தன்மையாகத்தான் பேசினார். "மூணு மணிக்கு மேல ஏற விடமாட்டோம்மா. பெரியவரு வேற. இறங்கறதுக்குள்ள இருட்டிடும்." அவர் சொன்னது நியாயம். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம், இறங்குகிற படிகளில் வெளிச்சம் இல்லாமல் கால் வைக்க முடியாது. கைடு அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசிப் பார்த்தார். அண்ணன்தான், "வேணாம், விடுங்க, சட்டம்னா சட்டம்" என்று தடுத்துவிட்டார். கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலுக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தார். அண்ணாந்து மலையைப் பார்த்தார். அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை.

அந்த நேரத்தில் கைடு சொன்ன கதைகளை நான் இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். சிவாஜி கட்டிய கோட்டை என்றார். ஆனந்தக் கோன் காலத்தில் 1200 வாக்கில் தொடங்கி, விஜயநகர நாயக்கர்கள் பெரிதாக்கி, 1649இல் பீஜப்பூர்காரர்கள் பிடித்து, அதற்கப்புறம் 1677இல்தான் சிவாஜி கைக்கு வந்தது. தேசிங்கு ராஜா வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுச் செத்தார் என்றார். 1714 அக்டோபரில், 22 வயதில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு மோதித்தான் தேசிங்கு மடிந்தான். நண்பன் மோவுத்துக்காரனும் கூடவே விழுந்தான். இந்த ஜில்லாவில் தெருக்கூத்து பார்த்த கிழவிக்குக்கூடத் தெரிந்த சங்கதி. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியதையும், ஔரங்கசீப்பின் படை முற்றுகை போட்டு 1698 வரை இந்த மலையைப் பிடிக்க முடியாமல் கிடந்ததையும், கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போனதையும் அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்ததே மராட்டியர் கோட்டை என்றுதான். நான் குறுக்கிட்டுத் திருத்தியதை மரியாதைக் குறைவு என்று அண்ணன் மகள் பிறகு சொன்னாள். வரலாற்று டீச்சர் முன்னால் தப்பு வருஷம் சொன்னால் திருத்தத்தான் செய்வேன்.

எனவே முதல் விஷயம், கைடு வண்டியோடு வரக்கூடாது, ஊரில் இருக்க வேண்டும். ப்ராக்கில் மாப்பிள்ளைக்குக் கிடைத்தவர் அந்த ஊரிலேயே வாழ்கிறவர். எங்களுக்கு வந்த பையன் சென்னையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவன், செஞ்சிக்கு அதுவரை இரண்டே தடவை வந்திருக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும். பணம் கட்டுமுன் கைடிடமே நேரடியாகப் போனில் பேசுங்கள். இரண்டு கேள்வி போதும். ராஜகிரி எத்தனை மணி வரை ஏறலாம்? மேலே தண்ணீர் கிடைக்குமா? தடுமாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, செஞ்சிக்கு ஒரு முழு நாள். அரைநாளில் முடியாது. காலையில் கோட்டை திறந்ததும் ராஜகிரி. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். இறங்கி வந்து கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி, வெங்கடரமணர் கோயில். தெம்பு இருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. மலை ஏற முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைச் சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். தேசிங்கு போருக்கு விடைகேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கான கல்வெட்டும் அங்கே இருக்கிறது. 'ஐ' என்ற எழுத்து கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று அது. தமிழ் படித்தவர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பக்கூடாது. அங்கே எங்கள் கார் நிற்கவே இல்லை, திட்டத்தில் இல்லையாம்.

விழுப்புரத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் வசதி. செஞ்சி ரோட்டிலேயே மண்டகப்பட்டு வந்துவிடும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் குடைந்த கோயில். ஆனால் மலை ஏறி இறங்கித் திரும்பும்போது பாருங்கள், போகும்போது நிறுத்தாதீர்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமான செருப்பு. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினால் செஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

ஏற்பாட்டாளரிடம் மாப்பிள்ளை பணத்தைத் திருப்பிக் கேட்டார். திட்டத்தில் "செஞ்சிக் கோட்டை பார்வையிடல்" என்றுதான் இருக்கிறது, மலை ஏறுவதாக எழுதவில்லை என்று பதில் வந்தது. இதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். எதை முதலில் பார்ப்பது, எத்தனை மணிக்குச் சேர்வது, மேலே ஏறுவது உண்டா இல்லையா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாப்பிள்ளை பிறகு என்னிடம், "நீங்க முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கலாமே அத்தை" என்றார். சொல்லியிருக்கலாம். அதைத்தான் நான் இத்தனை மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரும் ஒருதரம் கேட்டிருக்கலாம். ஊர்க்காரர்கள் இருக்கும்போது ஊரைப் பற்றி அவர்களைக் கேட்பதில் யாருக்கும் குறைவு வந்துவிடாது.

அண்ணன் பாரிஸ் திரும்பிய ஒரு மாதத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. இனி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நான் முதல் பஸ்ஸில் செஞ்சி போனேன். ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். சின்ன வயசில் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர். எந்தப் படியில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கமலக்கண்ணியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினோம். நான்கு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன், எனக்கும் 68 ஆகிறது. பத்தரை மணிக்கு உச்சிக்கு முன்னால் அந்தப் பிளவின் மேல் போட்டிருக்கும் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பாரிஸில் அப்போது காலை ஆறு மணி. வீடியோ காலில் அழைத்தேன்.

தூக்கக் கலக்கத்தோடு எடுத்த அண்ணன், காட்சியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரங்கநாதர் கோயில் தெரியுதா, பீரங்கி இன்னும் இருக்கா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "பாலத்துக்குக் கீழ காட்டும்மா" என்றார். பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, போனைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டினேன். "இன்னும் கீழ. இடது பக்கம்."

பாறையும் செடியும் நிழலுமாகத்தான் இருந்தது.

"அங்கதான்" என்றார்.